ஒரே வகுப்பா, வேறு வேறா?

உத்திரமேரூர் சுந்தரவரதப் பெருமாள் சந்நிதியில் அன்று மாலை தீர்த்தமும் சடாரியும் பெற்றுக்கொண்ட பாட்டி, புடவைத் தலைப்பிலிருந்து இரண்டு சிறு பொட்டலங்களை எடுத்தார். ஒன்றில் வெள்ளைப் பூ, மற்றொன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் பேத்திகள் இருவரும் ஒரே வகுப்பு. சிவப்பு வந்தால் வேறு வேறு வகுப்பு. இரட்டையராய்ப் பிறந்த அவ்விருவருக்கும் ஐந்து வயது நிறைந்திருந்தது. ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டும். பள்ளியில் அவ்வகுப்புக்கு இரண்டு பிரிவுகள் இருந்தன. எதில் யாரைச் சேர்ப்பது என்பதை வீட்டார் ஒரு வாரத்துக்குள் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் இதைப் பற்றி ஒரு மாதமாகவே பேச்சு. தாத்தாவுக்குப் பிரிப்பதில் சிறிதும் சம்மதமில்லை. "ஒரே வயிற்றில் ஒன்றாய் இருந்தவர்கள். சுவர் எழுப்ப நாம் யார்?" என்றார். மருமகள் பணிவாகவே மறுத்தாள். "மாமா, சின்னவள் வெளியில் வாய் திறப்பதேயில்லை. பெயர் கேட்டால்கூடப் பெரியவள்தான் சொல்கிறாள். பள்ளியிலும் அப்படியே ஆகிவிட்டால்?" ஏழு நிமிடம் முன்னால் பிறந்த அக்கா, தங்கைக்குப் பசிக்கிறது என்பதையும் தானே சொல்லிவிடுவாள். அதைக் கண்டு ஊரார் மகிழ்ந்தார்கள். தாய் மட்டும் கவலைப்பட்டாள்.

பாட்டி இதிகாசத்தில் விடை தேடினார். தேடியவருக்கு ஒன்றல்ல, மூன்று விடைகள் கிடைத்தன. லவனும் குசனும் வால்மீகியின் ஆசிரமத்தில் ஒன்றாகவே கற்று, இராமபிரானின் அவையில் ஒன்றாகவே பாடினார்கள். சுமித்திரை பெற்ற இரட்டையரோ சிறுவயதிலேயே இரண்டு வழியாய்ப் பிரிந்தவர்கள். இலக்குவன் இராமனை விட்டு அகலவில்லை, சத்ருக்கனன் பரதனை விட்டு அகலவில்லை. வனவாசத்தின்போது பதினான்கு ஆண்டுகள் ஒருவர் முகத்தை ஒருவர் அன்றாடம் காணாமல் வாழ்ந்தார்கள். அதனால் அவர்கள் உடன்பிறப்பில் குறை வந்ததாக யாரும் சொல்வதில்லை. நகுலனும் சகாதேவனும் துரோணரிடம் சேர்ந்தே பயின்றார்கள். ஆனால் விராட நகரில் மறைந்து வாழ நேர்ந்தபோது ஒருவன் குதிரை லாயத்துக்கும், மற்றவன் பசுக்கூட்டத்துக்கும் போனான். கற்ற இடம் ஒன்றானாலும் அவரவர் கைவந்த கலை வேறு.

மூன்றும் சரியெனப் பட்டதால்தான் பாட்டி பூக்கட்டிப் பார்க்கத் துணிந்தார். தடுத்தவர் தாத்தா. ஊருக்கு வருவோரையெல்லாம் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போய்க் குடவோலைக் கல்வெட்டைக் காட்டுவது அவர் வழக்கம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்டவை அவை. "குடத்தில் ஓலை போட்டதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு முன்னே என்ன செய்தார்கள் தெரியுமா? வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்கிறதா, வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் உண்டா, சொந்த மனையில் வீடு உண்டா, கடந்த மூன்றாண்டில் வாரியத்தில் இருந்தவனா என்றெல்லாம் பார்த்த பிறகே பெயரை எழுதினார்கள். சிறுவனைக் கொண்டு ஓலை எடுப்பித்தது கடைசியில்தான். நாம் அந்தக் குழந்தையை ஒரு வார்த்தை கேட்டோமா?"

கேட்கவில்லை என்பதே உண்மை. இரண்டு குழந்தைகளையும் சேர்த்துக் கேட்டிருந்தார்கள். பதில் சொன்னவள் பெரியவள்.

இந்தக் கவலை உத்திரமேரூருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் இதைப் பற்றிப் பெற்றோர் கருத்துக்கு இடமளிக்கும் சட்டமே 2005-இல் வந்தது. பிரிட்டனிலும் கனடாவின் கியூபெக்கிலும் பல்லாயிரம் இரட்டையரைத் தொடர்ந்து ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு, சேர்ந்து படித்தவருக்கும் பிரிந்து படித்தவருக்கும் கல்வியில் பெரிய வேறுபாடு இல்லை என்றே கண்டது. பிரிட்டனில் அதற்கு முன் 2004-இல் வந்த ஓர் ஆய்வு, பள்ளி வாழ்வின் தொடக்கத்திலேயே பிரிக்கப்பட்டவர்களில் மனக்கலக்கம் சற்றுக் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. பொதுவிதி ஏதுமில்லை, அந்தந்தக் குழந்தையைத்தான் பார்க்க வேண்டும்.

மறுநாள் பாட்டி சின்னவளை மட்டும் கோயிலுக்கு அழைத்துப் போனார். கீழே நின்ற கோலத்தில் சேவை சாதிக்கும் பெருமாள், மேல் தளத்தில் அமர்ந்தும் அதற்கும் மேலே பள்ளிகொண்டும் காட்சி தருகிறார். முழங்கால் வலியோடு பாட்டி ஒவ்வொரு படியாக ஏற, குழந்தை கையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா வாங்க பாட்டி" என்றாள். வெளியில் வாய் திறக்காதவள்! அமர்ந்த பெருமாளைச் சேவித்துத் திரும்பும்போது பாட்டி கேட்டார்: "அக்கா பக்கத்தில் இருப்பது உனக்குப் பிடிக்குமா?"

"பிடிக்கும். அவ இருந்தா நான் பேச வேண்டாம்."

இந்த விடையைக் கேட்ட தாத்தா, சேர்த்து வைக்க இதுவே காரணம் என்றார். தாய், பிரிக்க இதுவே காரணம் என்றாள். முடிவில், முதலாண்டு ஒரே வகுப்பு, ஆனால் வேறு வேறு வரிசை என்று தீர்மானமாயிற்று. கேள்விகளைச் சின்னவளிடம் முதலில் கேட்கும்படி ஆசிரியையிடம் தாய் வேண்டிக்கொண்டாள். அதுவரை இருவருக்கும் பொதுவாய் இருந்த சாப்பாட்டுப் பையை மாற்றி, பாட்டி இரண்டு பைகள் வாங்கினார். ஒரே நிறம் என்று முதலில் எடுத்தவர், கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்து வேறு வேறு நிறமாக வாங்கிக்கொண்டார்.

விஜயதசமிக்குள் சின்னவள் தன் பெயரைத் தானே சொன்னாள். ஒருநாள் ஆசிரியை அக்காவின் பெயரால் அழைத்தபோது எழுந்து நின்று, "நான் அவ இல்லை, டீச்சர்" என்றாளாம்.

வீட்டார் எதிர்பாராதது ஒன்று உண்டு. ஒரு சனிக்கிழமை சின்னவள், தன்னை மட்டும் கோயிலுக்கு அழைத்துப் போகும்படி கேட்டாள். பாட்டியும் அவளும் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்த பெரியவள் திண்ணையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். யாருக்குத் துணை தேவை என்று இத்தனை நாள் வீடே எண்ணியிருந்ததோ, அவளல்ல அழுதவள். தாத்தா அவள் அருகில் போய் அமர்ந்தார். என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. சிறிது நேரம் கழித்து, "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார். பெரியவளை அப்படி யாரும் கேட்டதில்லை. இரண்டாம் வகுப்புக்கான முடிவுக்கு ஜூன் வரை காலம் இருக்கிறது.