வாசிகசாலைக் கொம்பியூட்டர் போட்ட சத்தம்



வாசிகசாலைக் கொம்பியூட்டருக்கு என்ன நடந்தது என்று போன கிழமை முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல ஏலாது, அதனால் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். வீட்டில் பழைய டெஸ்க்டொப் வைத்திருக்கிறவர்கள் கட்டாயம் கடைசிவரை வாசியுங்கோ.

"சேர், அது கிடந்து முனகுது, ஒருக்கா வந்து பாருங்கோ" என்றுதான் கூப்பிட்டார்கள். தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிற நாங்கள் இரண்டு பேர் போனோம். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, கொப்பி ஒற்றை ஒன்றைக் குழாய்போலச் சுருட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து, மற்ற முனையை ஒவ்வொரு இடமாகக் கொண்டுபோனோம். சிரிக்காதீர்கள், இதைவிட நல்ல கருவி கிடையாது. சைக்கிளில் செயின் சத்தமா பெடல் சத்தமா என்று ஓடிக்கொண்டே கண்டுபிடிக்கிற ஊர் இது. கொம்பியூட்டரும் அப்படித்தான்.

ஒரு சத்தம் என்று போனால், உள்ளே மூன்று சத்தம் இருந்தது.

முதலாவது, காவோலை மதிலில் உரசுகிற மாதிரி. ஒரு வயர் தொங்கிப்போய் புரசெசர் விசிறியின் இதழில் பட்டுக்கொண்டிருந்தது. இழுத்துக் கட்டினோம், முடிந்தது. இரண்டாவது, எண்ணெய் காணாத கிணற்றுக் கப்பி மாதிரி. அது பின்பக்க விசிறி. எங்கள் செம்மண் தூசி பழைய எண்ணெயோடு சேர்ந்து களியாகப் பிடித்திருந்தது. பிரஷ்ஷால் துடைத்து, நடுவில் இருக்கிற ஸ்டிக்கரைக் கிளப்பி, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு துளி. தேங்காய் எண்ணெய் விட்டுவிடாதீர்கள், கொஞ்ச நாளில் அது பிசினாகிவிடும். பவர் சப்ளை பெட்டிக்குள் இருக்கிற விசிறி கத்தினாலும் அந்தப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கிற கொள்ளளவிகள் மின்னை வைத்திருக்கும், அடிக்கும்.

இந்த இரண்டும் அடங்கின பிறகுதான் மூன்றாவது கேட்டது. டிக்… டிக்… டிக். ஒரு சின்ன இடைவெளி. திரும்ப டிக்… டிக்.

"உள்ளுக்குப் பல்லி நிக்குது சேர்" என்றான், பக்கத்தில் நின்ற தரம் 9 பொடியன். அவன் சொன்னது பகிடி இல்லை, சூட்டுக்குப் பல்லி போய் இருக்கிறதுதான். பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஆனால் இந்தச் சத்தத்துக்குப் பலன் உண்டு. அது ஹார்ட் டிஸ்க்.

அந்தத் தட்டு நிமிடத்துக்கு 7200 தரம் சுற்றுகிறது, செக்கனுக்கு 120. அதை வாசிக்கிற முனை தட்டைத் தொடாமல், தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத உயரத்தில் மிதக்கிறது. தான் நிற்கிற இடத்தை அதனால் கண்டுபிடிக்க முடியாமல் போனால், ஓரத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி தேடும். அந்தப் போக்கும் வரவும்தான் டிக். ஐபிஎம் 2000ஆம் ஆண்டு விட்ட டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி டிஸ்க்குகள் பல இப்படிச் செத்தன. ஆட்கள் அதற்கு "டெத்ஸ்டார்" என்றே பட்டம் வைத்து, அடுத்த ஆண்டு அமெரிக்காவில் வழக்கும் போட்டார்கள்.

சத்தம் கேட்ட உடனே நிறுத்திவிட்டோம். அங்கே நின்றவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். இன்னொருக்கா போட்டுப் பாருங்கோ, ஃபோர்மட் அடியுங்கோ, பிரிட்ஜுக்குள் வைத்து எடுங்கோ. முனை தட்டில் உரசத் தொடங்கியிருந்தால், ஒவ்வொரு தரம் போடும்போதும் இன்னும் கொஞ்சம் சுரண்டுப்படும். பிரிட்ஜில் வைத்து எடுத்தால் எங்கள் உப்புக்காற்றில் உடனே வேர்க்கும்.

உள்ளே இருந்தது என்ன என்று பலருக்குத் தெரியாது. வாசிகசாலைப் பொடியள் இரண்டு வருடமாக வீடு வீடாகப் போய் ஸ்கான் செய்த பழைய படங்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே மழைக்குள் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, பையில் போட்டுக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த கலியாணப் படங்கள், வகுப்புப் படங்கள். அதற்குச் சரியாக ஐந்து வருடத்துக்கு முன்னம், 1990 ஒக்டோபர் 30, யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளிக்கிடச் சொன்ன நாள். உங்களுக்கும் எங்களுக்கும் திகதி ஒன்று, வருடம்தான் வேறு. எங்கள் ஆட்களால் படம் எதுவும் கொண்டுபோக முடியவில்லை. வாப்பாவின் வாப்பா அச்சுவேலிச் சந்தையடியில் தையல் மெஷினுக்குப் பின்னால் இருக்கிற படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது எங்களிடம் இருந்த படம் அல்ல. பக்கத்துக் கடைக்கார ஐயாவின் அல்பத்தில் இருந்தது. அவர் காலமான பிறகு அந்த அல்பத்தைக் கறையான் தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது இந்த டிஸ்க்கில்.

அடுத்த நாள் டிஸ்க்கைக் கழற்றி, இன்னொரு கொம்பியூட்டரில் இரண்டாவது டிஸ்க்காகப் போட்டோம். விண்டோஸைக் கிளப்பவில்லை, எரர் செக் ஓடவிடவில்லை. ஒவ்வொரு கோப்புறையாக, திரும்ப எடுக்க முடியாததை முதலில் என்று கொப்பி பண்ணினோம். அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் தொடங்கி, இரவு பத்தரை தாண்டியது. நடுவில் இரண்டு தரம் டிஸ்க் நின்றது. ஆறவிட்டுத் திரும்பத் தொடங்கினோம். பிறகு சத்தமே இல்லை, சுற்றவும் இல்லை.

அல்ஹம்துலில்லாஹ், பெரும்பகுதி வந்துவிட்டது. கடைசியாகச் சேர்த்த இரண்டு கோப்புறைகள் வரவில்லை. தை மாதத்துக்குப் பிறகு படம் கொடுத்த வீடுகள் அவை. மூலப்படம் இருந்தால் தயவுசெய்து திரும்பத் தாருங்கோ, அன்றைக்கே ஸ்கான் செய்து கையிலேயே தந்துவிடுகிறோம்.

மற்றவர்கள் சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வாசிகசாலைக்குப் பென்டிரைவோடு வாருங்கோ. உங்கள் வீட்டுப் படத்தோடு, பக்கத்து வீட்டுப் படத்தையும் அவர்கள் சம்மதித்தால் கொண்டுபோய் வையுங்கோ. பென்டிரைவ் இல்லாதவர்களுக்கு எங்களிடம் மூன்று இருக்கிறது.