சிவந்த முகமும் சில சிந்தனைகளும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் முன்னோர் மொழி. உள்ளத்தில் மிகுந்து நிற்பதை முகம் காட்டிவிடும் என்பதற்கு வள்ளுவர் பளிங்கை உவமையாக்கினார். 'குறிப்பறிதல்' என்ற ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்களை அவர் வகுத்திருப்பது அன்பர்கள் அறிந்ததே. முகத்தைப் படிக்கும் கலையில் தேர்ந்தவர் என்று யாமும் பல காலம் எம்மைப் பற்றிப் பெருமை கொண்டிருந்தோம். ஆனால் கடந்த பன்னிரண்டு ஆண்டுகளாக எம் முகமே எமக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்லி வருகிறது. நாணம் இல்லாதபோது சிவக்கிறது; சினம் இல்லாதபோது கனல்கிறது; வாழ்நாளில் ஒரு துளி மதுவும் அருந்தாத எம்மைக் குடிகாரர் என்று ஊராருக்கு அறிவிக்கிறது. இதைச் சங்க மலரில் எழுதுவது தகுமா என்று சிறிது தயங்கினோம். நம்மவர் இல்லங்களிலும் இத்துன்பம் பெயர் தெரியாமலே குடியிருக்கக்கூடும் என்ற எண்ணம்தான் எழுதத் துணிவு தந்தது.

யாம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். திருவாரூர்ப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, பி.ஏ. முடித்து, சென்னையில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின் மாற்றலாகிப் புனே வந்து ஹடப்சரில் குடியேறினோம். ஊரின் நடுவே சோலாப்பூர் நெடுஞ்சாலை ஓடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் அச்சாலையில் ஸ்கூட்டர் ஓட்டிச் செல்வது அடுப்பின் முன் அமர்வதற்கு ஒப்பானது. 2013ஆம் ஆண்டு கோடையில்தான் எம் கன்னங்களும் மூக்கும் முதன்முதலில் காந்தத் தொடங்கின. எம்முடையது கருமை கலந்த மாநிறம். வெள்ளையர் முகத்தில் ரோசா நிறமாய்த் தெரிவது, எம் முகத்தில் காய்ந்த செம்பின் நிறமாய்ப் படர்ந்தது. பிறகு சிறுசிறு பருக்கள் எழுந்தன. முப்பத்தாறு வயதில் முகப்பருவா என்று வீட்டில் சிரித்தார்கள், யாமும் சிரித்தோம்.

சிரிப்போடு நின்றிருந்தால் கேடில்லை. மருந்துக்கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு சிறு குழாயை எடுத்து நீட்டி, முகத்துக்கு நல்லது என்றார். மருத்துவர் சீட்டு அவரும் கேட்கவில்லை, யாமும் காட்டவில்லை. நான்கே நாளில் சிவப்பு மறைந்தது. முகம் வெளுத்து மினுங்கிற்று. அவ்வாண்டு ஊர்த் திருவிழாவுக்குப் போனபோது, புனே தண்ணீர் ஒத்துக்கொண்டது என்று அத்தை திருஷ்டி கழித்தார். அந்தக் குழாயை நான்கு ஆண்டுகள் பூசினோம். இரண்டு நாள் பூசாவிட்டால் முகம் முன்னினும் மூர்க்கமாக எரியும். மீண்டும் பூசினால் அடங்கும். பூச்சுதான் நோயை வளர்க்கிறது என்பதை அறியாமல், அது இல்லாவிட்டால் என்ன ஆவோம் என்று அஞ்சினோம். கண்களிலும் மணல் விழுந்தாற்போல் உறுத்தல் தொடங்கிய பிறகே, 2017இல் தோல் மருத்துவர் ஒருவரிடம் சென்றோம்.

அந்த அம்மையார் குழாயின் மேல் அச்சிட்டிருந்ததை எமக்கே படித்துக் காட்டினார். அதில் ஸ்டீராய்டு இருந்தது. ஸ்டீராய்டு தோலின் நுண்ணிய குருதிக் குழாய்களைச் சுருக்கும். அதனால் சிவப்பு மறைந்தாற்போல் தோன்றும். நாள்பட்டால் தோல் மெலியும், குழாய்கள் நிரந்தரமாக விரிந்து நூல் நூலாய்த் தெரியும், நிறுத்தியவுடன் அழற்சி பன்மடங்காய்த் திரும்பும். எமக்கு முதலில் வந்தது 'ரோசேசியா' என்னும் நோய் என்றும், அதன்மேல் இக்குழாய் வேறொரு தீங்கை ஏற்றிவிட்டது என்றும் விளக்கினார். ரோசேசியா தொற்றும் நோயன்று, அழுக்கால் வருவதன்று, குடியால்தான் வரும் என்பதும் பிழை. முகத்தின் நடுப்பகுதியில் குருதிக் குழாய்களும் தோலின் காப்புமுறையும் சிறு தூண்டுதலுக்கும் மிகையாய் எதிர்வினை ஆற்றுவதே அதன் இயல்பு. எல்லார் தோலிலும் வாழும் டெமோடெக்ஸ் என்னும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி இந்நோயாளர் முகத்தில் மிகுந்து காணப்படுவதும் உண்டு. கருநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாததால், நம் நாட்டில் இது பலரிடம் அறியப்படாமலே போகிறது.

யாம் மட்டுமே இம்மடமைக்கு ஆளானோம் என்று நாணியிருந்தோம். பிறகுதான் 2011இல் இந்தியத் தோல் மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு பற்றி அறிந்தோம். முகத்தோல் நோயோடு வந்த 2926 பேரைப் பரிசோதித்ததில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தனர். அவர்களுள் 392 பேருக்குத் தீய விளைவு கண்டிருந்தது. நிறம் வெளுக்கவும் பொதுவான முகப்பூச்சாகவும் பூசியவர் மட்டுமே 126 பேர். நோய்க்கு மருந்து தேடியவரைக் காட்டிலும் நிறத்துக்கு மருந்து தேடியவர் மேல் எமக்கு இரக்கம் மிகுந்தது. 2018ஆம் ஆண்டு மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டுப் பூச்சுகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென ஆணையிட்டது. எனினும் ஆணை கடை வாசலோடு நின்றுவிடக்கூடியது. குளியலறை அலமாரிக்குள் நாம்தான் ஆணையிட வேண்டும்.

பூச்சை விட்ட அந்த மூன்று மாதங்களை இன்று நினைத்தாலும் கன்னம் காய்கிறது. முகம் வீங்கிக் கருஞ்சிவப்பாயிற்று. காற்று பட்டாலும் எரிந்தது. சவரம் செய்வது தண்டனையாயிற்று. அலுவலகத்தில் ஒரு நண்பர், "அண்ணா, நேற்று இரவு கொஞ்சம் அதிகமோ?" என்று கண் சிமிட்டினார். மேலதிகாரி ஒருவர் எம்மைத் தனியே அழைத்து, "நீங்கள் குடும்பஸ்தர், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அன்போடு அறிவுரை கூறினார். யாம் குடிப்பதில்லை என்றோம். நம்பாத ஒரு புன்னகையோடு தலையசைத்தார். இவையெல்லாம் பொறுக்கலாம். ஒரு மாலை, ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த எம் மகள் பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டத்தின் தாளை நீட்டியபடி, "அப்பா, இந்தத் தடவை அம்மா மட்டும் வரட்டுமே" என்றாள். அவள் வேறெதுவும் சொல்லவில்லை. யாமும் வேறெதுவும் கேட்கவில்லை. கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நெடுநேரம் நின்றோம்.

அன்றிரவு எம் நினைவுக்கு வந்தவர் வேறொருவர். சென்னையில் யாம் பணியில் சேர்ந்த நாளில் அங்கே ஒரு மூத்த எழுத்தர் இருந்தார். மூக்கு தடித்துக் கரடுமுரடாகி, கன்னங்கள் எப்போதும் சிவந்திருக்கும். அவர் எதிரே வந்தால் இளைஞர்களாகிய நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்க் காட்டிச் சிரிப்போம். அவர் மது அருந்தியதை எவரும் கண்டதில்லை. அவரிடமிருந்து வாடை வந்ததாகவும் நினைவில்லை. முகம் சொல்லிற்று, நம்பினோம். உணவு இடைவேளையில் அவர் தம் எலுமிச்சைச் சோற்றைத் தனியே சன்னலோரம் அமர்ந்து உண்பார். ஒருநாளும் எங்கள் மேசைக்கு அழைத்ததில்லை. ரோசேசியா முற்றினால், ஆடவர் சிலருக்கு மூக்கின் தோலும் சுரப்பிகளும் இவ்வாறு தடிக்கும் என்று மருத்துவர் சொன்னபோது அவர் முகம்தான் எம் முன் நின்றது. அவருக்கு இருந்தது இந்நோய்தானா என்று இன்று யாரிடம் கேட்பது? அவர் மறைந்து ஆண்டுகள் பல ஆயின. எமக்கு வந்த ஏளனம் யாம் என்றோ கொடுத்த கடனின் வட்டி என்றே தோன்றிற்று.

பாரிசு நகரத்து லூவ்ர் காட்சிச்சாலையில் ஓர் ஓவியம் இருக்கிறது. 1490ஆம் ஆண்டை ஒட்டிக் கிர்லாந்தையோ என்னும் இத்தாலிய ஓவியர் தீட்டியது. யாம் கண்டது அச்சுப்படியைத்தான். முதியவர் ஒருவர், அவர் மூக்கு அந்த மூத்த எழுத்தரின் மூக்கைப் போலவே முடிச்சு முடிச்சாய்த் தடித்திருக்கிறது. அவர் மடியருகே ஒரு சிறுவன், தன் கையை அவர் மார்பில் வைத்துக்கொண்டு அண்ணாந்து அந்த முகத்தையே பார்க்கிறான். அவன் கண்ணில் அருவருப்பு இல்லை. ஓவியர் மூக்கை மறைக்கவுமில்லை, பழிக்கவுமில்லை. உள்ளதை உள்ளவாறு கண்டு எழுதியிருக்கிறார்.

இனி, நோயை ஆண்ட வகையைச் சொல்வோம். இது அடியோடு தீரும் நோயன்று, அடக்கி வைக்கத்தக்கது. முகத்திற்கு மெட்ரோனிடசோல் ஜெல்லும், சில மாதங்கள் உட்கொள்ள டாக்சிசைக்ளின் மாத்திரையும் மருத்துவர் கொடுத்தார். பின்னர் சிற்றுண்ணியை ஒடுக்கும் ஐவர்மெக்டின் பூச்சுக்கு மாற்றினார். கண் உறுத்தலுக்கு இமைமேல் வெதுவெதுப்பான துணி ஒற்றடமும் இமையோரத் தூய்மையும் போதுமானவையாயின. இவற்றோடு, எது தூண்டுகிறது என்று கண்டறிவது உம் வேலை என்று எம்மிடம் ஒப்படைத்தார். எழுத்தனுக்குத் தெரிந்த வித்தை பதிவேடுதானே! நீண்ட பேரேட்டில் நாள், வெயில், உணவு, மனநிலை, முகம் என்று பத்தி பிரித்து நான்கு மாதம் எழுதினோம்.

பதிவேடு பல பழிகளைத் துடைத்தது. கத்திரிக்காயும் தயிரும் குற்றமற்றவை என்று தெரிந்தது. உறவினர் சொல்லி அவற்றை ஓராண்டாய் ஒதுக்கியிருந்தோம். முதற்குற்றவாளி வெயில். அடுத்தது தேச்சா என்னும் பச்சைமிளகாய்த் துவையலும் மிசளும். சனவரிக் குளிரில் கொதிக்கக் கொதிக்கக் குளித்த வெந்நீர் மூன்றாவது. மார்ச்சு மாதத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள்களிலெல்லாம், வெயில் படாமல் அறைக்குள் இருந்தும், முகப்பத்தியில் சிவப்பு மையால் எழுத வேண்டியிருந்தது. மனக்கவலையும் ஒரு வெயில்தான். ஒருவரைத் தூண்டுவது மற்றவரைத் தூண்டாமல் இருக்கலாம். ஆதலால் எம் பட்டியலை அன்பர்கள் தமதாகக் கொள்ள வேண்டா.

காப்பியின் வழக்கு தனியே சொல்லத்தக்கது. டிகிரி காப்பியை நுரை பொங்க, நா பொசுங்க அருந்துவது தஞ்சைச் சீமையின் குலவழக்கம். அதை விடச் சொன்னால் வேலையையே விடலாம் என்றிருந்தோம். பதிவேட்டைப் பார்த்தால், ஆறிய காப்பி குடித்த நாளில் முகம் அமைதியாய் இருந்தது. சூடான வெறும் பால் குடித்த நாளில் கனன்றது. குற்றம் சூட்டினது, காப்பியினது அன்று. அமெரிக்கச் செவிலியர் எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியான ஆய்வொன்று, காப்பி மிகுதியாய் அருந்தியவரிடையே ரோசேசியா குறைவாகவே கண்டதெனச் சொல்கிறது என்று மருத்துவர் கூறியபோது, தீர்ப்பில் விடுதலை பெற்றவர்போல் மகிழ்ந்தோம். அன்று முதல் எம் இல்லத்தரசி டபராவில் நாலு ஆற்று கூடுதலாக ஆற்றித் தருகிறார்.

வெயிலுக்குக் காப்பு பூசுவதில் ஒரு வேடிக்கை உண்டு. எம் தோலுக்கு எரிச்சல் தராதது துத்தநாக ஆக்சைடு கலந்த பூச்சு. மாநிற முகத்தில் அதைப் பூசினால், முகம் முழுதும் திருநீறு அணிந்தாற்போல் இருக்கும். சிவப்பழம் என்று தமிழ் நண்பர்கள் கேலி செய்தார்கள். குடிகாரப் பட்டத்துக்கு அது எவ்வளவோ மேல். புனே நகரப் பெண்கள் இருசக்கர வண்டி ஓட்டும்போது கண் மட்டும் தெரிய முகத்தைத் துணியால் சுற்றிக்கொள்வார்கள். அவர்களைப் பார்த்து யாமும் மெல்லிய பருத்தித் துண்டொன்றைச் சுற்றிக்கொண்டோம். 2020இல் பெருந்தொற்று வந்து ஊரே முகத்தை மூடியபோது, இனி எவரும் எம்மைப் படிக்க முடியாது என்று உள்ளூர ஆறுதல் கொண்டோம். ஆனால் கவசத்துள் அடைபட்ட மூச்சின் வெப்பமே புதுத்தூண்டுதல் ஆயிற்று. மறைப்பும் ஒரு விலை கேட்கும் என்று அறிந்தோம்.

ஆண்டுதோறும் பண்டரிபுரம் செல்லும் பல்லக்குகள் ஹடப்சர் வழியாகப் போகும். ஆளந்தியிலிருந்து வரும் ஞானேசுவரர் பல்லக்கு இங்கிருந்து பிரிந்து திவே கணவாய் ஏறிச் சாஸ்வடு செல்லும். தேஹூவிலிருந்து வரும் துகாராம் பல்லக்கு சோலாப்பூர் சாலையிலேயே லோணி நோக்கிப் போகும். பெருந்தொற்றால் இரண்டாண்டுகள் நடைப்பயணம் நின்றிருந்து, 2022இல் மீண்டும் தொடங்கியபோது வாழைப்பழமும் தண்ணீரும் கொடுக்கச் சாலையோரம் நின்றோம். மகளும் உடன் வந்தாள். கூட்டத்தில் துண்டு நழுவிப் போயிற்று. வெயில் ஏறி முகம் பழுத்தது. பழம் வாங்க வந்த வார்க்கரி மூதாட்டி ஒருவர் எம்மை உற்றுப் பார்த்தார். வழக்கமான கேள்விக்கு மனம் ஆயத்தமாயிற்று. அவரோ மராத்தியில், "வலிக்கிறதா, மாவுலி?" என்றார். மாவுலி என்றால் தாய். அவ்வடியார்கள் எதிர்ப்படும் எவரையும் அப்படித்தான் அழைப்பார்கள்.

ஒன்பது ஆண்டுகளில் மருத்துவரைத் தவிர வேறெவரும் எம்மிடம் கேட்டிராத கேள்வி அது. ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டவர் பலர். என்ன செய்தாய் என்று கண்ணாலேயே கேட்டவர் பலர். கொஞ்சம் எரிகிறது, அம்மா, என்றோம். அவர் எம் கையிலிருந்த தண்ணீரை வாங்கித் தம் முந்தானையை நனைத்துப் பிழிந்து எம் கையில் கொடுத்துவிட்டு, கூட்டத்தோடு நடந்து போனார். துணி நுனி கையை விட்டு நழுவும் வரை யாம் அவரோடு சில அடிகள் நடக்க வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது, மகள் தன் துப்பட்டாவை நனைத்து வைத்துக்கொண்டு நின்றாள்.

வள்ளுவரின் பளிங்கு பொய்யன்று. அவர் சொன்னது உள்ளம் முகத்தில் எழுதும் குறிப்பை. தோல் தானே எழுதிக்கொள்ளும் நிறத்தை அன்று. இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கத் தெரியாதது யாம் செய்த பிழை. அன்பர்கள் இல்லத்தில் முகம் காந்தும் ஒருவர் இருந்தால், கடைக் குழாயைக் கையில் கொடாமல் தோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்க. வெளியில் அத்தகைய ஒருவரைக் கண்டால் காரணம் கேளாமல் இருக்கலாம். வலிக்கிறதா என்று கேட்கலாம். சன்னலோரம் தனியே உண்பவர் ஒருவர் உங்கள் அலுவலகத்திலும் இருக்கக்கூடும். அவரை மேசைக்கு அழையுங்கள். எமக்கு அந்த வாய்ப்பு இனி இல்லை.