வீட்டுக்குள் இருப்பவர் கேட்டால் திறந்துவிடும் கதவு



போன மாதம் எங்கள் வீட்டில் ஒன்று நடந்தது. எழுதலாமா வேண்டாமா என்று பத்து நாள் யோசித்தேன். அம்மாவையே கேட்டேன். "எழுது, நாலு பேருக்கு உபயோகமா இருக்கட்டும்" என்றார். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நான் கல்வராயன் மலையில் வேலை பார்த்த காலம் உங்களில் பலருக்குத் தெரியும். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைப் பக்கமாக பஸ் மலையேறும். அன்று என்னிடம் படித்த பெண் ஒருத்தி, இன்று வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் தன் ஊரிலேயே சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் சொல்கிறாள். "கணக்கு மட்டும் நீங்க எடுங்க டீச்சர்" என்றாள். மறுக்க முடியுமா? தினமும் 7 மணிக்கு, கள்ளக்குறிச்சியில் என் வீட்டு மேசையிலிருந்து பின்னக் கணக்கு.

அங்கே இருப்பது ஒரு பழைய லேப்டாப். இணையம் அவள் ஃபோனிலிருந்துதான். தன் நம்பரைப் பிள்ளைகளிடம் விட அவளுக்கு விருப்பமில்லை. அதனால் சென்னையில் நெட்வொர்க் வேலை பார்க்கும் இன்னொரு பழைய மாணவன், ஜாமி என்ற செயலியைப் போட்டுக் கொடுத்தான். அதற்கு ஃபோன் நம்பரே வேண்டாம். கூடுமானவரை இரண்டு கம்ப்யூட்டர்களும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும்.

முதல் வாரம் குரல் விட்டு விட்டு வந்தது. "முக்கால்" என்று நான் சொன்னால் அங்கே "கால்" என்று கேட்டது. கணக்கு என்ன ஆகும்! மாணவனிடம் சொன்னேன். "ரவுட்டர் பக்கத்துக்குப் போய் யுபிஎன்பியை ஆன் பண்ணுங்க டீச்சர்" என்றான். செய்தேன். அன்று சாயங்காலமே குரல் மணி அடித்தாற்போல் வந்தது.

அது என்ன மாயம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாம் பரவலாகப் பயன்படுத்தும் பழைய முறையில் இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் ஒரு வீட்டுக்கு ஒரு முகவரி. உள்ளே இருக்கும் ஃபோன், டிவி, லேப்டாப் எல்லாம் அந்த ஒன்றைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. உள்ளிருந்து ஒருவர் வெளியே பேசினால் ரவுட்டர் குறித்து வைத்துக்கொண்டு, வரும் பதிலை அவரிடம் சேர்க்கும். வெளியிலிருந்து தானாக வருவது யாருக்கு என்று அதற்குத் தெரியாது, தள்ளிவிடும். "இந்த எண்ணுள்ள கதவுக்கு வந்தால் இந்த லேப்டாப்பிடம் கொடு" என்று சொல்லி வைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங். அந்தக் கதவுகளுக்கு 65,535 வரை எண்கள் உண்டு. இதை நாம் கையால் எழுதாமல், செயலியே ரவுட்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும் வழி யுபிஎன்பி. புதிதல்ல. 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த மெசஞ்சரே பேச்சுக்கும் படத்துக்கும் இதைப் பயன்படுத்தியது.

நல்ல ஏற்பாடுதானே என்று இருந்துவிட்டேன்.

பதினோரு நாள் கழித்து அந்த மாணவன் ஊருக்கு வந்தவன் வீட்டுக்கும் வந்தான். காபி குடித்துக்கொண்டே என் ரவுட்டர் பக்கத்தைத் திறந்து, யார் யார் கதவு கேட்டிருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பார்த்தான். ஜாமி இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. காபியைக் கீழே வைத்துவிட்டான்.

"டீச்சர், வீட்டுல கேமரா இருக்கா?"

இருந்தது. அம்மா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையோடு ஆனபின், நான் சமையல்கட்டில் இருக்கும்போது பார்த்துக்கொள்ள அவர் கட்டிலுக்கு எதிரே மாட்டியது. பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை நான் மாற்றவே இல்லை. நான் யுபிஎன்பியை ஆன் செய்ததும் அந்தக் கேமராவும் தனக்கு ஒரு கதவு கேட்டிருக்கிறது. ரவுட்டர் கொடுத்துவிட்டது. உள்ளே இருந்து யார் கேட்டாலும் கொடுப்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட விதி. டீச்சரைக் கேட்டுக்கொள்ளலாம் என்று அதற்குத் தெரியாது.

பதினோரு நாள். அந்தக் கட்டிலில்தான் அம்மாவுக்கு உடம்பு துடைத்து, புடவை மாற்றுகிறேன்.

யாராவது பார்த்தார்களா என்று அவனிடம் கேட்டேன். அந்தக் கேமராவில் அதைக் குறித்து வைக்கும் வசதியே இல்லை என்றான். மறைக்க மனமில்லாமல் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தபடி இருந்தார். "யாராச்சும் பாத்தாங்களா பாப்பா?" என்றார். "தெரியலம்மா" என்றேன். முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொன்ன எனக்கு அதற்குமேல் பதில் இல்லை. அன்றே கேமராவைக் கழற்றிவிட்டேன். இப்போது கட்டில் பக்கத்தில் ஒரு சின்ன பூஜை மணி இருக்கிறது. வேண்டுமென்றால் அடிப்பார்.

இது நமக்கு மட்டும் புதுசு. அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு, கூடுமானால் யுபிஎன்பியை அணைத்து வையுங்கள் என்று 2013 ஜனவரியிலேயே எச்சரித்திருக்கிறது. 2016-இல் மிராய் என்ற தீய நிரல், பெட்டியோடு வந்த பாஸ்வேர்டுகளை வைத்தே உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது.

பாடத்தை நிறுத்தவில்லை. ஏழு மணிக்கு முன் யுபிஎன்பியை ஆன் செய்கிறேன். பட்டியலில் ஜாமி மட்டும்தான் இருக்கிறதா என்று பார்க்கிறேன். வகுப்பு முடிந்ததும் அணைக்கிறேன். வகுப்பறையைப் பூட்டிச் சாவியை ஹெட்மாஸ்டர் அறையில் மாட்டிவிட்டு வந்த பழக்கம்தான்.

நீங்களும் இன்று மூன்று காரியம் செய்யுங்கள். ரவுட்டர், கேமரா இரண்டின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். ரவுட்டர் பக்கத்தில் யுபிஎன்பி பட்டியலைப் பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் அணையுங்கள். அணைத்தாலும் வாட்ஸ்அப் போன்றவை தங்கள் சர்வர் வழியாகப் பேசிக்கொள்ளும், பயம் வேண்டாம். மூன்றாவது, படுக்கையறையில் கேமரா வேண்டுமா என்று, யாரைப் பார்ப்பதற்காக மாட்டுகிறீர்களோ அவர்களிடமே ஒரு வார்த்தை கேளுங்கள். நான் அம்மாவைக் கேட்கவில்லை. ரவுட்டரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்?

நேற்று மலையில் ஒரு பெண் முக்காலையும் அரைக்காலையும் கூட்டி ஏழில் எட்டு என்றாள். "எட்டில் ஏழு" என்று பக்கத்துப் பையன் திருத்தினான். தெளிவாகக் கேட்டது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்