தண்ணீர் போனாலும் பள்ளம் இருக்கும்

கொங்கு நாட்டில் ஓடைக்குப் பள்ளம் என்று பேர். சங்கனூர்ப் பள்ளம் என்றால் வெளியூர்க்காரர் ஏதோ குழி என்று நினைத்துக்கொள்வார். உள்ளூர்க்காரருக்கு அது தண்ணீர் வரும் வழி. வருஷத்தில் சில நாள்தான் தண்ணீர். மற்ற நாளெல்லாம் அது மண்ணில் அறுத்துவிட்டுப் போன தடம்தான் கண்ணில் படும். அதனால் தடத்தையே பேராக்கிவிட்டார்கள். நொய்யல் ஆற்றை மலையிலிருந்து காவிரி வரை தொடர்ந்து போனால் இந்தப் பேரின் பொருத்தம் விளங்கும்.

வெள்ளியங்கிரியில் தொடங்கலாம். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பங்கை மலைக்கு அந்தப்புறமே கொட்டிவிடுகிறது. கோவை குடிக்கும் சிறுவாணிகூட மேற்கே சாய்ந்து பவானியில் சேரும் ஆறுதான். மலையைக் குடைந்து இந்தப் பக்கம் கொண்டுவருகிறோம். கிழக்குச் சரிவில் விழும் மிச்சம்தான் நொய்யல். மேலே சரிவு அதிகம். ஓடைகள் கல்லை உருட்டிக்கொண்டு, மலையை ஆழமாக அறுத்துக்கொண்டு இறங்கும். அடிவாரத்தில் சரிவு தணிந்ததும் ஓட்டத்தின் வலு குறையும். சுமக்க முடியாததை ஒவ்வொன்றாக இறக்கிவைக்கும்: முதலில் உருண்டைக்கல், அப்புறம் பருமணல், கடைசியில் வண்டல். போளுவாம்பட்டிப் பக்கத்துத் தோப்புகள் பல அப்படி வந்திறங்கிய மண்ணில் நிற்கின்றன.

பெரியாறும் சின்னாறும் கூடுதுறையில் சேர்ந்து, ஆறு சமவெளிக்கு வந்தபின் மனிதர் கை படுகிறது. சித்திரைச்சாவடி அணைக்கட்டில் ஆற்றை மறித்து வாய்க்காலில் திருப்பினார்கள். பெரிய அணை கட்டித் தேக்குவதற்கு இது வற்றாத ஆறல்ல. வெள்ளம் வந்தால் சில நாளில் வடிந்துவிடும். அதைச் சிறுசிறு குளங்களில் பிடித்துவைப்பதுதான் வழி. நரசாம்பதி நிறைந்தால் கிருஷ்ணாம்பதி, அது நிறைந்தால் செல்வாம்பதி, பிறகு குமாரசாமி குளம், செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் என்று ஒன்றின் மிகைநீர் அடுத்ததற்குப் போகும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் நிலத்தின் சரிவைக் கண்டுபிடித்து, அதன் மேலேயே குளங்களைக் கோத்திருக்கிறார்கள். ஆறு இறக்கிவைக்கும் வண்டலும் இந்தக் குளங்களில்தான் படியும். தூர் எடுக்காவிட்டால் குளம் மேடாகிவிடும்.

பேரூரில் இதே ஆற்றுக்குக் காஞ்சிமாநதி என்று பேர். பட்டீசுவரர் கோயில் இதன் கரையில் இருக்கிறது. நகரத்தைக் கடந்து சிங்காநல்லூர்ப் பக்கம் சங்கனூர்ப் பள்ளம் வந்து சேர்கிறது. கரையை ஒட்டி வீடுகள் நெருங்கிய இடங்களில், வடகிழக்குப் பருவமழை பலமாகப் பெய்கிற இரவில், பள்ளம் தன் பழைய அகலத்தைக் கேட்கும்.

கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரம். திருப்பூர் 300ஐ ஒட்டி. இடையில் ஆறு சூலூரைக் கடந்து நிதானமாகவே இறங்குகிறது. திருப்பூரில் நல்லாறு சேர்கிறது. அங்கேதான் பனியன் துணிகளின் சாயக்கழிவும் சேர்ந்தது. 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கானது. ஆனால் தேங்கியது சாயத்தண்ணீர். அணையைத் திறக்காதீர்கள் என்று கீழே இருந்த விவசாயிகளே போராட நேர்ந்தது. வழக்குகள் நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவை முழுமையாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. மலையடிவாரத்தில் கல்லை இறக்கிவைத்த அதே விதிதான் இங்கேயும் வேலை செய்தது: ஓட்டம் நின்ற இடத்தில் ஆறு தன் சுமையை இறக்கியது. சுமை மட்டும்தான் வேறு.

அணைக்குப் பக்கத்திலேயே வடகரையில் கொடுமணல். 1985இலிருந்து நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகள், கல்மணி செய்த பட்டறைகள், தமிழ் பிராமி எழுத்துள்ள பானையோடுகள் வெளிப்பட்டன. பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்குக் கடற்கரைக்குப் போன வணிகப்பாதையும் இந்தப் பள்ளத்தாக்கை ஒட்டித்தான் சென்றது. ஆறு அறுத்த வழியில் மாடும் வண்டியும் போயின. இரண்டாயிரம் ஆண்டுத் தொழிலின் கசடு கரையில் கிடக்கிறது.

இப்படிச் சுமார் 180 கிலோமீட்டர் வந்து, கொடுமுடிக்குக் கீழே, கரூர் மாவட்டத்தில் நொய்யல் காவிரியில் கலக்கிறது. கலக்கும் இடத்து ஊருக்கும் நொய்யல் என்றே பேர். கோடையில் அங்கே போனால் ஆற்றில் தண்ணீரைத் தேட வேண்டியிருக்கும். பள்ளத்தைத் தேட வேண்டியதில்லை.