மாலை கழற்றிய மறுநாள்

சிகரெட் பிடிக்கிறவனுக்கு ஊர் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: மனசு வைத்தால் விட்டுவிடலாம். அப்பா சொல்வார், மாமனார் சொல்வார், பல்வலிக்குப் போன இடத்தில் டாக்டர் சொல்வார். எல்லோரும் நம் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் விட முடியாதவனுக்கு மனசே இல்லை என்ற தீர்ப்பும் அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. ராத்திரி பகல் பாராமல் உழைத்துப் பிள்ளைகளைக் கரையேற்றுகிறவர்கள், கடனை ஒரு தவணை தவறாமல் கட்டுகிறவர்கள் எத்தனையோ பேர் புகையை விட முடியாமல் தவிக்கிறார்கள். அவர்களுடைய மன உறுதிக்கு என்ன குறை? கூட வர ஆள் இல்லை, அவ்வளவுதான். நான் விட்டதும், விட்டபடி இருப்பதும் கூட வந்த ஆட்களால். அதை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சேர்ந்து விடுவது நமக்குப் புதிதில்லை. கார்த்திகை பிறந்ததும் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானவர்கள் சபரிமலைக்கு மாலை போடுகிறார்கள். கறி இல்லை, குடி இல்லை, புகை இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் ஊதிக்கொண்டிருந்தவர், மாலை கழுத்தில் ஏறிய நிமிஷத்திலிருந்து நாற்பத்தொரு நாள் தொடாமல் இருக்கிறார். வருஷா வருஷம் இதைப் பார்த்துப் பழகிவிட்டதால் இதில் உள்ள ஆச்சரியம் நமக்கு உறைப்பதில்லை. உலகம் முழுக்க டாக்டர்கள் மாத்திரை எழுதி, ஆலோசனை சொல்லி, மாதக்கணக்கில் முயன்று செய்ய நினைக்கிற காரியம் இது. நம் தெருவில் அது கருப்பு வேட்டி கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் நடந்துவிடுகிறது.

பக்திதான் காரணம் என்பார்கள். நானும் பக்தியோடு மாலை போட்டவன்தான். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பக்தியோடு கூட வருகிறவற்றையும் பார்க்க வேண்டும். முதலாவது, தேதி. நாளைக்கு, அடுத்த வாரம், பொங்கல் கழியட்டும் என்று தள்ளிப்போட முடியாது. குருசாமி கையால் மாலை விழுந்தால் அன்றைக்கே நிறுத்தியாக வேண்டும். இரண்டாவது, ஊர் பார்க்கிறது. எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் தூணோரம் தேங்காய்நார்க் கயிறு ஒன்று தொங்கும். அதன் நுனியில் நெருப்பு நாள் முழுக்கக் கனன்றுகொண்டே இருக்கும். சில்லறையாக ஒரு சிகரெட் வாங்குகிறவர் கயிற்றை இழுத்துப் பற்றவைத்துவிட்டு, ஆடும்படி விட்டுப் போவார். மாலை போட்டிருக்கிற ஒருவர் பழக்க தோஷத்தில் அந்தப் பக்கம் கை நீட்டினால் கடைக்காரரே, “சாமி, கடலைமிட்டாய் எடுத்துக்கங்க” என்பார். கடைக்கு நஷ்டம்தான், ஆனாலும் சொல்வார். மூன்றாவது, சாயங்கால பஜனை. வேலை முடிந்து வீடு திரும்புகிற அந்த ஏழு மணிக்குத்தான் நெஞ்சு புகையைத் தேடும். அந்த நேரத்தில் இருபது பேரோடு சரணம் சொல்லிக்கொண்டிருந்தால் எங்கே போய்ப் பற்றவைப்பது?

உடம்பின் கணக்கும் இந்த நாற்பத்தொரு நாளுக்குள் அடங்கிவிடுகிறது. இழுத்த புகையிலுள்ள நிகோடின் சில நொடிகளில் மூளைக்குப் போகும். சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகும். அதனால்தான் அடுத்ததைத் தேடச் சொல்கிறது. நிறுத்திய இரண்டாம், மூன்றாம் நாள் தான் கொடுமை. காரணமில்லாத கோபம், தூக்கமின்மை, கவனம் ஒரு இடத்தில் நிற்காமை, ஓயாத பசி. மலச்சிக்கல்கூட வரும், யாரும் அதை வெளியில் சொல்ல மாட்டார்கள். முதல் வாரம் தாண்டினால் தணியத் தொடங்கும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் அடங்கிவிடும். மலைக்குப் போய்த் திரும்புகிற ஆளின் உடம்பு நிகோடினைக் கேட்டு அழுகிற கட்டத்தை எப்போதோ தாண்டிவிட்டது.

அப்படியிருந்தும், மாலை கழற்றிய மறுநாள் காலையில் எத்தனை பேர் அதே பெட்டிக்கடையில் அதே கயிற்றைப் பிடிக்கிறார்கள்! எனக்கு இது மனசை அறுக்கிற காட்சி. கடினமான பகுதியை முடித்துவிட்டு, எளிதான பகுதியில் தோற்கிறார்கள். மாலையோடு கூட்டமும் கழன்றுவிடுகிறது என்பது தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. பஜனை நின்றுவிட்டது. குருசாமி தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பழைய டீக்கடை, பழைய சேக்காளிகள், “வா மாப்ள, விரதம் முடிஞ்சுதுல்ல” என்று நீட்டுகிற கை. ஒருவனாக நிற்கிறவன் எத்தனை கையைத் தட்டிவிடுவான்?

எங்கள் குருசாமி மதுரையில் லேத் பட்டறை வைத்திருப்பவர். அதிகம் பேச மாட்டார். மலையிலிருந்து திரும்புகிற வேனில், கம்பம் தாண்டி எல்லோரும் அரைத் தூக்கத்தில் இருந்தபோது, முன் சீட்டிலிருந்து திரும்பிச் சொன்னார்: “மாலையக் கழட்டுவோம். சிகரெட்ட மறுபடி எடுக்க வேணாம். இஷ்டப்பட்டவங்க நாளைக்குக் காலைல ஆறு மணிக்குப் பட்டறைக்கு வாங்க.” அவரும் முப்பது வருஷம் ஊதியவர். அந்தக் கார்த்திகையில்தான் எங்களோடு சேர்ந்து நிறுத்தியிருந்தார். மறுநாள் காலையில் நான்கு பேர் போனோம். குருசாமி, அரசு பஸ் கண்டக்டர் ஒருவர், ஓய்வு பெறப்போகிற தமிழாசிரியர், நான்.

பட்டறையில் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. ஆளுக்கு ஒரு டீ, பத்து நிமிஷப் பேச்சு, அவரவர் வேலைக்கு. ஆனால் எதைப் பேசினோம் என்பது முக்கியம். நேற்று எப்போது ரொம்பத் தவிப்பாக இருந்தது, எப்படிக் கடந்தது, இந்த இரண்டு மட்டும்தான். கண்டக்டருக்கு டிரிப் முடிந்து வண்டியை விட்டு இறங்குகிற நேரம். பையைக் கொடுத்துக் கணக்கு முடித்ததும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். ஆசிரியருக்கு விடைத்தாள் கட்டைப் பிரிக்கிற நேரம். எனக்கு மதியம் சாப்பாடு முடிந்ததும். குருசாமிக்கு, லேத்தில் ஒரு வேலை சரியாக அமைந்துவிட்டால், அந்தச் சந்தோஷத்துக்கு ஒன்று வேண்டும். கவலைக்குத்தான் புகைக்கிறோம் என்று ஊர் நினைக்கிறது. சந்தோஷமும் அதே அளவு ஆபத்தானது என்று எனக்குச் சொன்னவர் அவர்தான். புகைத்து விட்டவர்களுக்கு மட்டும் தெரிகிற சங்கதி இது.

அங்கே ஒரு நாள் ஆசிரியர் தனக்கு டீ குடித்தால் படபடவென்று வருகிறது, கை நடுங்குகிறது என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டோம். சிகரெட் புகையிலுள்ள சில பொருட்கள் கல்லீரலைத் தூண்டி, டீ காப்பியிலுள்ள கஃபீனை வேகமாகக் கரைக்கச் செய்கின்றன. புகையை நிறுத்தினால் அந்த வேகம் குறைந்து, அதே இரண்டு டம்ளர் டீ நான்கு டம்ளர் குடித்ததுபோல் வேலை காட்டும். நிறுத்தியதால் நடுக்கம் வந்தது என்று பயந்து மறுபடி பற்றவைப்பவர்கள் உண்டு. டீயைக் குறைத்தாலே போதும். நாங்கள் பாதி டம்ளராக்கினோம். தூக்கமும் சரியாயிற்று.

குருசாமி ஒரு சட்டம் வைத்தார். அடிக்க வேண்டும் என்று தோன்றினால் முதலில் போன், அப்புறம்தான் தீப்பெட்டி. ராத்திரி பதினொரு மணியானாலும் எடுக்க வேண்டும். அந்தத் தவிப்பு வந்தால் சில நிமிஷத்துக்கு மேல் உச்சத்தில் நிற்காது. ஒரு போன் பேச்சு முடிவதற்குள் இறங்கிவிடும். கண்டக்டர் ஒருமுறை தேனி பஸ் ஸ்டாண்டிலிருந்து என்னைக் கூப்பிட்டு, “அண்ணே, எதையாவது பேசுங்கண்ணே” என்றார். அவர் மகள் எந்த வகுப்பு, ஊரில் மழை உண்டா என்று ஏதேதோ பேசினோம். சிகரெட் என்ற சொல்லே வரவில்லை. வண்டி எடுக்கிற விசில் கேட்டது. வைத்துவிட்டார். அன்றைக்கு அவருக்குத் தேவைப்பட்ட வைத்தியம் அது மட்டும்தான்.

அதே கண்டக்டர் தை மாதக் கடைசியில் இரண்டு நாள் பட்டறைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, ஸ்டூலில் உட்காராமல் வாசலில் நின்றபடியே, “அடிச்சுட்டேன் சாமி” என்றார். வீட்டில் ஏதோ பணத் தகராறு. ஒரே மூச்சில் மூன்று சிகரெட். குருசாமி கையிலிருந்த காலிப்பரைக் கீழே வைத்தார். “சரி. இப்ப பையில இருக்கா?” இல்லை என்றார். “உக்காரு, டீ வருது.” அவ்வளவுதான். திட்டவில்லை, புத்தி சொல்லவில்லை, முதலிலிருந்து எண்ணு என்றும் சொல்லவில்லை. ஒரு நாள் வழுக்கியதை முழுத் தோல்வி என்று நினைக்கிறவன்தான் பழைய பாக்கெட்டுக்கே திரும்புகிறான். வீட்டில் இதைச் சொன்னால் அழுகை, சண்டை. சொல்லாமல் மறைத்தால் மறைப்பதே பழக்கமாகும். கூச்சமில்லாமல் வந்து சொல்ல ஒரு வாசல் அவருக்கு இருந்தது. இன்றுவரை அவர் புகைப்பதில்லை.

ஆசிரியருக்கு வேறொரு கவலை. அறுபதை நெருங்கிய பிறகு விட்டு என்ன ஆகப்போகிறது என்று அடிக்கடி கேட்பார். அவருக்குப் பதில் பிரிட்டனில் இருந்தது. ரிச்சர்ட் டால் என்ற மருத்துவ ஆய்வாளர் 1951இல் அந்நாட்டு டாக்டர்களிடமே அவர்களுடைய புகைப் பழக்கத்தைக் கேட்டு எழுதி, அவர்களை ஐம்பது ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. முடிவு 2004இல் வெளிவந்தது. தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாகவே இறந்தார்கள். அறுபது வயதில் விட்டவர்கள் அதில் மூன்று ஆண்டைத் திரும்பப் பெற்றார்கள். ஐம்பதில் விட்டால் ஆறு, நாற்பதில் ஒன்பது, முப்பதில் விட்டால் ஏறத்தாழ முழுப் பத்தும். மூன்று வருஷம் என்றதும் ஆசிரியர் விரல் விட்டு எண்ணினார். பேத்தி பள்ளிக்கூடம் போவதைப் பார்த்துவிடலாம் என்றார்.

சேர்ந்து விடுவதைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் இதயநோய் பற்றிப் பல தலைமுறையாக நடந்துவரும் ஆய்வின் பதிவேடுகளை நிக்கோலஸ் கிரிஸ்டாகிஸும் ஜேம்ஸ் ஃபௌலரும் புரட்டினார்கள். 1971 முதல் 2003 வரை 12,067 பேர், யார் யாருக்கு நண்பர், யார் யாருக்கு உறவு என்ற விவரத்தோடு. 2008இல் அவர்கள் எழுதியது இது: கணவன் மனைவியில் ஒருவர் விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைகிறது. நண்பர் விட்டால் 36. சின்ன அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர் விட்டால் 34. ஆட்கள் தனித்தனியாக விடவில்லை, கூட்டம் கூட்டமாக விட்டார்கள். ஒருவரையொருவர் நேரில் அறியாதவர்கள்கூட, நண்பரின் நண்பர் வழியாக, ஒரே காலத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

அந்த ஆய்வில் என்னை உறுத்துகிற பகுதி வேறு. விடாமல் எஞ்சியவர்கள் வருஷம் போகப்போக உறவு வட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருந்தார்கள். நம் ஊரிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டம். பக்கத்து சீட்டுக் குழந்தையின் நுரையீரலைக் காப்பாற்றிய சட்டம். ஆனால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கட்டணக் கழிப்பறைச் சுவரோரம் தனியாக நிற்கிற ஆளைப் பார்க்கும்போது, இவருக்கு யார் போன் செய்வார் என்று தோன்றும். 2016–17இல் மத்திய அரசு நடத்திய புகையிலைக் கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் விட வேண்டும் என்ற எண்ணத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். சுவரோரம் நிற்கிறவர்களில் இரண்டில் ஒருவர் ஏற்கெனவே நம் பக்கம்தான் இருக்கிறார்.

கூட்டாளிகள் இருந்தால் வைத்தியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிகோடின் சூயிங் கம் உதவுகிறது. டாக்டர் எழுதித்தரும் மாத்திரைகளும் இருக்கின்றன. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 2002 முதலே இதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. யாருமே கிடைக்காதவர்களுக்கு 1800 11 2356 என்ற இலவச எண் இருக்கிறது. சிகரெட் பாக்கெட்டின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். தமிழில் பேசலாம். அந்தப் பக்கம் எடுக்கிறவர் திட்ட மாட்டார், தொடர்ந்து சில நாள் அவர்களே கூப்பிட்டு விசாரிக்கவும் செய்வார்கள்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் ஏற்கெனவே விட்டவர்களாக இருப்பீர்கள். சிலர் விட்டு ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். ஒரு வாரம் போதும், முதல் நாளில் இருப்பவருக்கு நீங்கள் மூத்தவர். வாழ்நாளில் சிகரெட்டைத் தொடாதவர் சொல்லும் நூறு வார்த்தையைவிட, முந்தாநாள் ராத்திரி எனக்கும் இப்படித்தான் இருந்தது என்று நீங்கள் சொல்லும் ஒன்று அவருக்குப் பிடிமானம். உங்கள் அலுவலகத்தில், பட்டறையில், தெருவில் புகைத்துக்கொண்டிருக்கிற ஒருவரை உங்களுக்குத் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்து போகாதீர்கள். நீங்கள் விட்ட கதையைச் சொல்லுங்கள். உங்கள் போன் நம்பரைக் கொடுத்து, எந்நேரமானாலும் கூப்பிடச் சொல்லுங்கள். கூப்பிட்டால் எடுங்கள்.