கட்டுப்பாடு யார் கையில்?

திங்கள்

மேசைக்கு ஓர் ஆம்ப்ளிஃபையர் வந்திருக்கிறது. கெயின் 20 டிபி. கேட்டிருப்பது ஒரே விஷயம்தான்: எவ்வளவு பவர் உள்ளே போகும்போது அந்தக் கெயின் 1 டிபி விழுகிறது? 3 ஜிகாஹெர்ட்ஸ் வரைக்கும் வேண்டுமாம்.

நெட்வொர்க் அனலைசரிடம் கேட்கக்கூடாத கேள்வி இது. அது விகிதம் பார்க்கும் கருவி. உள்ளே போனது 1 மில்லிவாட்டா, 0.8 மில்லிவாட்டா என்பது எஸ்-பாராமீட்டருக்கு ஒரு பொருட்டே இல்லை. வெளியே வருவதும் அதே அளவு குறைந்திருக்கும், வகுத்தால் சரியாகிவிடும். கெயின் இப்படி விழும் கம்ப்ரஷன் அப்படி விட்டுக்கொடுக்காது. திரையில் 0 டிபிஎம் என்று காட்டும். 3 ஜிகாவில் கேபிள் முனைக்கு வந்து சேர்வது அதைவிடக் குறைவு. எவ்வளவு குறைவோ அவ்வளவும் நேராக ரிப்போர்ட்டில் ஏறும். ஆகவே கேபிள் முனையில் பவர் மீட்டரின் சென்சாரை மாட்டி, ஒவ்வொரு ஃப்ரீக்வென்சியிலும் அளந்து, சோர்ஸைத் திருத்தியாக வேண்டும். அதையும் கம்ப்யூட்டர் வழியாகவே செய்யவேண்டும், ஏனென்றால் இதே வகையில் இன்னும் பல பீஸ்கள் வரப்போகின்றன.

அனலைசர் 8753இஎஸ். மீட்டர் இ4418பி. இரண்டும் ஒரே வம்சம்: ஹியூலெட்-பேக்கார்டாக இருந்து, 1999-இல் அஜிலென்ட்டாகி, 2014-இல் கீசைட் ஆனது. ஆனாலும் அனலைசருக்கு இந்த மீட்டரைத் தெரியாது. அதற்குப் பழக்கமானது 437பி. நல்லவேளை, இ4418பி-க்குள் 437பி-யின் கமாண்டுகளுக்குப் பதில் சொல்லும் ஏற்பாடு இருக்கிறது. மெனுவில் மாற்றிவிட்டேன்.

செவ்வாய்

புதிதாகச் சேர்ந்த பையன் ப்ரோக்ராம் எழுதினான். ஸ்வீப் தொடங்கச் சொல்லும் வரியைத் தாண்டவில்லை. "சார், மீட்டர் கெட்டுப்போச்சு போல" என்றான். மீட்டருக்கு ஒன்றும் இல்லை.

கம்ப்யூட்டரையும் கருவிகளையும் இணைக்கும் ஜிபிஐபி பஸ்ஸின் சட்டம் கொஞ்சம் கறாரானது. ஹியூலெட்-பேக்கார்ட் தன் கருவிகளுக்காக உருவாக்கியது, 1975-இல் ஐட்ரிபிள்இ-488 என்று பொதுத்தரம் ஆனது. 24 பின் கனெக்டர், ஒரு பஸ்ஸில் அதிகபட்சம் 15 கருவிகள், மொத்தக் கேபிள் 20 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் இருக்கும். இன்றைக்கு எங்களை நிறுத்தியது வேறொரு விதி: கட்டளையிடும் அதிகாரம் ஒரு நேரத்தில் ஒரு கருவிக்குத்தான். ஊர்க்கூட்டத்து மைக் மாதிரி. கையில் வைத்திருப்பவர் பேசலாம், மற்றவர்கள் கேட்கலாம்.

சாதாரண வேலைகளில் மைக் எப்போதும் கம்ப்யூட்டரிடம். பவர் கேலிபரேஷனில் மட்டும் அனலைசரே மீட்டரைக் கேட்டாக வேண்டும்: இந்த ஃப்ரீக்வென்சியில் எவ்வளவு, அடுத்ததில் எவ்வளவு என்று. அதற்கு அதிகாரம் கைமாற வேண்டும். முறை இதுதான். முதலில் அனலைசரை பாஸ் கண்ட்ரோல் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். கேலிபரேஷன் ஸ்வீப் எடுக்கச் சொன்னதும், அது தன் ஈவென்ட் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரில் 'கட்டுப்பாடு வேண்டும்' என்ற பிட்டை உயர்த்தும், 2 மதிப்புள்ள பிட் அது. கம்ப்யூட்டர் 'சீரியல் போல்' (serial poll) என்ற நிலை விசாரிப்பைச் செய்து அதைப் பார்த்துவிட்டு, அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

பையனின் ப்ரோக்ராம் ஸ்வீப்பைத் தொடங்கச் சொன்ன கையோடு "முடிந்ததா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. அனலைசர் அதிகாரத்துக்காகக் காத்திருந்தது; ப்ரோக்ராம் பதிலுக்காகக் காத்திருந்தது. 2 விநாடி டைம்அவுட் வந்ததும் பிழை. ப்ரோக்ராம் கருவிகளோடு பேசப் பயன்படுத்தும் விசா லைப்ரரியில் மாற்றாமல் விட்டால் இருக்கும் கெடு அது. முழு ஸ்வீப்புக்கு எந்த வகையிலும் போதாது.

புதன்

அதிகாரம் போனது. திரும்பி வரவில்லை.

ஸ்வீப் அழகாக ஓடியது. புள்ளி நகர, மீட்டர் படிக்க, சோர்ஸ் திருத்திக்கொள்ள, எல்லாம் கண்முன்னே. முடிந்ததும் கம்ப்யூட்டர் எதைக் கேட்டாலும் 'நீ கட்டுப்பாட்டாளர் இல்லை' என்ற பிழைதான். காரணம் கண்டுபிடித்தபோது சிரிப்பு வந்தது. வேலை முடிந்தால் யாரிடம் திருப்பித் தரவேண்டும் என்று அனலைசர் ஓர் அட்ரஸை நினைவில் வைத்திருக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது 21. பழைய ஹெச்பி கம்ப்யூட்டர்களின் வழக்கம். எங்கள் கம்ப்யூட்டரிலிருக்கும் கார்டோ 0-வில் உட்கார்ந்திருக்கிறது. அனலைசர் கடமை தவறாமல் 21-ஆம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது. அங்கே ஆளே இல்லை.

சிஸ்டம் கண்ட்ரோலரிடம் ஐஎஃப்சி என்று ஒரு தனிக்கம்பி உண்டு. அதை இழுத்தால் அதிகாரம் உடனே திரும்பிவிடும். பையன் அதை ப்ரோக்ராமில் போட்டுவிடலாமே என்றான். வேண்டாம் என்றேன். ஸ்வீப்பின் நடுவில் இழுத்தால் பாதி அளவோடு அறுந்துபோகும். அட்ரஸை ஒழுங்காகச் சொல்லிக் கொடுப்பதுதான் வழி. மீட்டரின் அட்ரஸ் 13, அனலைசருடையது 16; இரண்டும் வந்தபடியே இருந்தன, தொடவில்லை.

வியாழன்

இன்று முழுக்க சென்சார். 8481ஏ: 10 மெகாஹெர்ட்ஸ் முதல் 18 ஜிகா வரை, −30 முதல் +20 டிபிஎம் வரை. தெர்மோகப்பிள் வகை, அதாவது வரும் பவரை வெப்பமாக மாற்றி அளப்பது. 300 மில்லிவாட்டுக்கு மேல் தாங்காது. ஆம்ப்ளிஃபையரின் வெளிமுனையில் ஏதாவது ஓர் அட்டெனுவேட்டர் போடாமல் இதை மாட்டக்கூடாது என்று பையனிடம் சற்றுக் கடுமையாகவே சொல்லிவைத்தேன்.

சென்சாரின் மேல் ஒட்டியிருக்கும் அட்டவணைதான் கேல் ஃபேக்டர். 97 சதவீதம் என்றால் வந்த பவரில் 3 சதவீதம் கணக்கில் வரவில்லை என்று பொருள், டிபி-யில் 0.13. இந்த அட்டவணையை அனலைசருக்குள் ஏற்றலாம். ஏற்றினால் மீட்டரில் 100 சதவீதம் என்றே வைத்திருக்க வேண்டும். இரண்டிலும் போட்டால் திருத்தம் இரண்டு முறை நடக்கும், எந்தக் கருவியும் அதைப்பற்றி முணுமுணுக்கக்கூடச் செய்யாது. எனக்கு ஹேங் ஆகும் ப்ரோக்ராமைவிட இந்த மாதிரிப் பிழைதான் பயம். ஹேங் ஆனால் ஆளைக் கூப்பிடும். இது நம்பகமான முகத்தோடு தப்பாகச் சொல்லும்.

பொருத்தமின்மையும் உண்டு. சோர்ஸின் பிரதிபலிப்பு 0.33, சென்சாருடையது 0.05 என்று வைத்தால் ±0.14 டிபி வரை ஊசலாடும். ப்ரோக்ராம் எத்தனை முறை படித்துச் சராசரி எடுத்தாலும் இது குறையாது. கேபிள் முனையில் ஒரு நல்ல 10 டிபி பேட், அதாவது அட்டெனுவேட்டர், போட்டால் குறையும். ஆனால் பவரும் போய்விடும். 6 டிபி-யில் சமாதானமானேன்.

வெள்ளி

வீட்டிலிருந்து ஓட்டலாமா என்று மேலிடத்தில் கேட்டார்கள். ஆய்வகக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து எல்லாக் கட்டளைகளையும் அனுப்பலாம்தான். ஜீரோ செய்யும் முன் ஆர்எஃப்-ஐ அணைக்கும் கட்டளையும் அதில் சேர்ந்தது. ஆனால் சென்சாரை முதலில் மீட்டரின் முகப்பிலுள்ள 50 மெகாஹெர்ட்ஸ், 1 மில்லிவாட் ரெஃபரன்ஸில் மாட்டி, பிறகு கழற்றிக் கேபிள் முனைக்குக் கொண்டுபோய், டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். அதற்கு ஜிபிஐபி-யில் கமாண்ட் இல்லை. யூஎஸ்பி சென்சார்களில் ஜீரோவும் கேலிபரேஷனும் உள்ளேயே நடந்துவிடும், அவற்றைக் கேட்டு எழுதியிருக்கிறேன். மாட்டுவதற்கு அப்போதும் ஒரு கை வேண்டும்.

புதிய பிஎன்ஏ-எக்ஸ் அனலைசர்களில் பின்னால் இரண்டு ஜிபிஐபி முனைகள்: ஒன்றில் கட்டளை கேட்கும், மற்றொன்றில் கட்டளையிடும். அதிகாரம் கைமாற வேண்டிய தேவையே இல்லை. அதற்காகப் பழையதை ஒதுக்க எனக்கு மனமில்லை. விகிதம் பார்ப்பதில் இது இன்னும் துல்லியமாகத்தான் இருக்கிறது.

மாலையில் முழு ஓட்டம். முதலில் −20 டிபிஎம்-மில் முயன்றோம்; பவர் குறையக் குறைய மீட்டர் நிதானமாகப் படிக்கும், ஸ்வீப் நகரவே மாட்டேன் என்றது. 0 டிபிஎம்-மில் கேலிபரேட் செய்துவிட்டு, உள் அட்டெனுவேட்டர் மாறாத எல்லைக்குள் மட்டும் கீழே இறங்குவது என்று முடிவு. சென்சாரைக் கழற்றாமலே சில ஃப்ரீக்வென்சிகளில் தனியாக அளந்து சரிபார்த்தோம், எல்லாம் 0.1 டிபி-க்குள். பையன் ஆம்ப்ளிஃபையரை மாட்டினான். கெயின் 19 டிபி-க்கு இறங்கிய இடங்களைக் குறித்து, கேல் ஃபேக்டர் அட்டவணையின் நகலையும் சேர்த்து ரிப்போர்ட் அனுப்பியாயிற்று. அடுத்த பீஸ் திங்களன்று வருகிறது. அதை அவனே தனியாக ஓட்டுவான்.