ஊட்டியைத் தொடாமல் ஒரு நீலகிரி ரவுண்ட்!

நீலகிரி என்றாலே ஊட்டி ஏரி, படகு, ரோஜாத் தோட்டம் என்று போய்விட்டு, பாதி நாளை டிராஃபிக்கில் தொலைத்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். மேட்டுப்பாளையத்தில் காலை ஆறு மணிக்குக் கிளம்பினால், ஊட்டி பக்கமே போகாமல் மலையின் அழகான பாதியைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம். கோத்தகிரி வழியாக ஏறி, குன்னூர் வழியாக இறங்க வேண்டும். அவ்வளவுதான். கோடை சீசனில் மட்டும் பெரும்பாலும் ஒருவழிப் பாதை. குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கிவிடுவார்கள். அப்போது இந்த ரவுண்டை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

கிளம்பும் முன் இ-பாஸ் முக்கியம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இது கட்டாயம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டு போவது நல்லது.

குஞ்சப்பனை தாண்டியதும் காதுக்குள் 'குப்'பென்று அடைக்கும். அரவேணுவில் தேயிலை ஆரம்பம். கோத்தகிரி வந்ததும் டீக்கும் வர்க்கிக்கும் பத்து நிமிடம் போதும். நேராக கோடநாடு காட்சிமுனைக்குப் போய்விட வேண்டும், சுமார் 18 கிலோமீட்டர். மதியத்துக்கு மேல் மூடுபனி ஏறிவிட்டால் அங்கே வெள்ளைத் திரைதான் தெரியும். காலையில் போனால் காலடியில் மாயாறு, தூரத்தில் பவானிசாகர் நீர்ப்பரப்பு, கீழே காட்டுக்கு நடுவே தெங்குமரஹாடா. அந்தக் கிராமம் நீலகிரி மாவட்டம்தான். ஆனால் ரோடு வழியாகப் போக வேண்டுமென்றால் மலையிறங்கி, பவானிசாகர் சுற்றி, காட்டுக்குள் போய் மாயாற்றைக் கடக்க வேண்டும். தண்ணீர் அதிகமென்றால் பரிசல்தான். மேலே நின்று போட்டோ எடுக்கிறவர்களுக்கு அழகு, கீழே பிரசவ வலி வந்தவளுக்கு அது எத்தனை தூரம்!

திரும்பும்போது கன்னேரிமுக்கில் ஒரு சிவப்பு பங்களா. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி வந்து கட்டிய முதல் வீடு. ஊட்டி ஊராவதற்கு முந்தைய கதை இது. இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. குழந்தைகளை அவசியம் அழைத்துப் போகலாம்.

கோத்தகிரி - குன்னூர் சாலைதான் இந்தப் பயணத்தின் உயிர். ஒவ்வொரு வளைவிலும் ஒரு படுகர் ஹட்டி, வரிசை வீடுகள், சுற்றிலும் தேயிலை. பெரிய எஸ்டேட்கள் கண்ணில் பட்டாலும், பல சரிவுகள் சிறு விவசாயிகளுடையவை. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைத் தேயிலை வேண்டும். அந்தப் பச்சை இலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு 2023-இல் கோத்தகிரி பக்கம் தொடர் உண்ணாவிரதமே இருந்தார்கள். விலை கட்டாத தோட்டத்தை விற்றுவிட்டால் அடுத்து அங்கே முளைப்பது காட்டேஜ்தான். சில வளைவுகளில் அது கண்கூடாகத் தெரிகிறது.

குன்னூரில் 1874-இல் தொடங்கிய சிம்ஸ் பூங்கா. நேரம் இருந்தால் மட்டும் போகலாம். டால்பின் நோஸ் விட்டுவிடக் கூடாது. காலையில் கடந்து வந்த அரவேணு பக்கத்து கேத்தரின் அருவி, எதிர் மலையில் வெள்ளிக் கம்பி மாதிரி தொங்கும். அங்கே போகும் ரோடு குறுகல், எதிரில் பஸ் வந்தால் பின்னால் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நான்கு மணிக்குள் இறங்கத் தொடங்க வேண்டும். 'ஏறின கியரிலேயே இறங்கு' என்பது மலை டிரைவர்களின் பாலபாடம். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பர்லியாருக்கு முன்பே கருகல் வாசனை வரும். மேலே ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். நவம்பர் மழையில் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். 2009 நவம்பரில் மண் சரிந்து நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

பர்லியாரில் சீசன் என்றால் மங்குஸ்தான் கிடைக்கும். தோலில் கறை பிடிக்கும், வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஜாக்கிரதை! அங்கிருந்து கல்லாறு. ஜன்னல் கண்ணாடியை இறக்கினால் சமவெளியின் வெப்பம் முகத்தில் அடிக்கும்.